ஆதிமூலம் நாடு கடத்திய ஒன்பது அணில்கள்

ஆதிமூலத்துக்கு வீடு புதுச்சேரியில், நிலம் தமிழ்நாட்டில். கேட்பவர்களுக்கு ஏதோ பெரிய பண்ணைக்காரர் போலத் தோன்றும். ஆனால் வீட்டுக் கொல்லையில் நின்று கூப்பிட்டால் நிலத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் தூரம். பாகூருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் ஒரு பாசன வாய்க்காலோடு புதுச்சேரி முடிந்துவிடுகிறது. வாய்க்காலைத் தாண்டிய முதல் வரப்பு கடலூர் மாவட்டம். இக்கரையில் கரண்ட் போனால் அக்கரையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அக்கரையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் இக்கரைப் பிள்ளைகள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு முனகியபடி போகும். ஐம்பத்தாறு வயது வரை தினமும் நாலு தடவை மாநிலம் விட்டு மாநிலம் போய்வந்த மனிதர், அந்த வாய்க்காலை மனதுக்குள் ஒரு சமுத்திரமாகவே வைத்திருந்தார். அவர் செய்த தப்பெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நல்ல மனிதர். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, மார்கழி கழிந்தால் கொல்லையில் கொஞ்சம் மல்லாட்டை போடுவார். வேர்க்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். எந்த வேலைக்கும் ஆள் வைக்க மாட்டார். மோட்டாரா, கதவா, மிக்சியா, எல்லாவற்றையும் தானே பிரித்துப் போடுவார். பிரித்தது திரும்பச் சேருமா என்பது வேறு விஷயம். அவர் மனைவி தனக்கொடி முப்பது வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து, அவர் ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்தாலே பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

இவர்களுக்கு ஒரே மகள் ரஞ்சனி. வில்லியனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை முத்துக்குமரன் திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். ரஞ்சனி முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த அன்றிலிருந்து தனக்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய வேட்டிகளைத் துவைத்து, காயவைத்து, கிழித்து, மடித்து அடுக்கினாள். வசம்பு வாங்கினாள், பூண்டு வாங்கினாள், பின்னறைக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போடச் சொன்னாள். பின்னறைச் சுவருக்கு ரோஸ் கலரில் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தனக்கொடிக்கு அது வெறும் வழக்கம் இல்லை. அவளுக்குப் பதினோரு வயதிலேயே தாய் போய்விட்டாள். ரஞ்சனியை அவள் பெற்றது மாமியார் வீட்டில். குழந்தை பிறந்த பத்தாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவள் அவள். தன் மகளாவது மூன்று மாதம் காலை நீட்டி உட்கார்ந்து தாய் கையால் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவளுக்கு வேறு ஆசையே இல்லை. அது ஆதிமூலத்துக்கும் தெரியும்.

அந்த ஆசையின் மேல்தான் ஒரு கொய்யாத் துண்டு விழுந்தது.

வளைகாப்புக்கு நாள் குறிக்க ரஞ்சனியின் மாமியார் பாக்யலட்சுமி வந்திருந்தார். அவரைப் பின்னறையில் ஃபேனுக்குக் கீழே, கட்டிலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஓட்டு வீடு, பின்னறைக்கு மேலே பலகைப் பரண். சம்பந்தியம்மா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம், பலகை இடுக்கு வழியாக ஒரு பாதி கடித்த கொய்யாத் துண்டு நேராகக் காப்பிக்குள் விழுந்தது. கூடவே கறுப்பாக நாலைந்து புழுக்கைகள். மேலே கீச்கீச்சென்று ஒரு சிரிப்பு மாதிரிச் சத்தம்.

"இன்னா அண்ணே இது? மேல இன்னா கீது?"

"அணிலுங்க, சம்மந்தியம்மா. சும்மா ஓடினு இருக்கும். ஒண்ணியும் பண்ணாது."

"ஒண்ணியும் பண்ணாதா? நாளைக்கு பச்சக் கொழந்தைய இதே கட்டில்ல போடுவீங்க. அது வாயத் தொறந்துனு தூங்கும். அப்ப மேலேர்ந்து வுழுந்தா?"

 பாக்யலட்சுமி கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பதினெட்டு நாள் கழிச்சு, வெள்ளிக்கிழம, எங்க வூட்ல வளகாப்பு. அதுக்குள்ள பரண் சுத்தமாச்சுன்னா அன்னிக்கே ரஞ்சனிய கூட்டினு வாங்க. இல்லன்னா எங்க வூட்லயே பெத்துக்கட்டும். ஆசுபத்திரியும் எங்களுக்குத்தான் பக்கம்."

 சம்பந்தியம்மா பஸ் ஏறிப் போனதும், தனக்கொடி மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடி ஒரு தடவை மடித்தாள். ஆதிமூலம் அதைப் பார்த்துவிட்டு எழுந்தார். "பதினெட்டு நாள் எதுக்கு? நாலே நாள்ல தொரத்தறன் பாரு" என்றார்.

சொல்வது சுலபம். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கையகல இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் அணில் போவதும் வருவதும். அதில் ஒரு தகரத்தை வைத்து நாலு ஆணி அடித்தால் வேலை முடிந்தது. ஆனால் அணில் உள்ளே இருக்கும்போது அடைத்தால் அது பட்டினியில் செத்துப்போகும். மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல் நடந்துகொண்டிருந்தார் ஆதிமூலம். சரி, ரஞ்சனி வந்த பிறகு மெதுவாக அடைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, ஓடு பிரிக்கக் கூடாது, சுவரில் கை வைக்கக் கூடாது. ஆக, ஒரு உயிரும் போகாமல் அணில்களை வெளியே அனுப்ப வேண்டும், அனுப்பிய கையோடு ஆணி அடிக்க வேண்டும், எல்லாம் வளைகாப்புக்கு முன்னால் முடிய வேண்டும்.

முதல் நாள் மிளகாய்ப் புகை போட்டார். தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் ஆதிமூலமும் தனக்கொடியும் பக்கத்து வீட்டு இருசப்பனும்தான். அணில் தென்னை மரத்தில் உட்கார்ந்து இந்த மூன்று பேரையும் வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் பரணில் ரேடியோவை வைத்து முழுச் சத்தத்தில் பாடவிட்டார். பாட்டு வந்தபோது அணில் சும்மா இருந்தது. விளம்பரம் வந்தபோது மட்டும் கூடவே கத்தியது. மூன்றாம் நாள் இருசப்பன் வீட்டுப் பூனையை இரவல் வாங்கிப் பரணில் ஏற்றினார். அது இரண்டு நாள் அங்கேயே சுருண்டு தூங்கி, வேளாவேளைக்கு இறங்கி வந்து பால் குடித்துவிட்டு மறுபடி ஏறிப் போனது. இருசப்பன் வந்து, "எங்க வூட்ல கூட இது இப்பிடி நிம்மதியா தூங்கனது இல்ல" என்று நன்றி சொல்லிப் பூனையைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள்தான் எலிக்கூண்டு யோசனை வந்தது. உள்ளே நாலு வறுத்த மல்லாட்டையைப் போட்டு மாலையில் பரணில் வைத்தார். காலையில் பார்த்தால், கூண்டுக்குள் ஒரு அணில். முதுகில் மூன்று கோடு, கண்ணில் ஏகப்பட்ட கோபம். ஆதிமூலத்துக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக நடந்து, வாய்க்காலின் மதகைத் தாண்டி, தன் கரும்பு வரப்பில் வைத்துக் கதவைத் திறந்தார்.

"இனிமே உனுக்கு இதான் ஊரு. தென்ன கீது, மல்லாட்ட கீது, ராஜா மாரி இருக்கலாம். அந்தப் பக்கம் வந்தே, மரியாத கெட்டுப்பூடும்" என்றார். அணில் வரப்பில் நின்று அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது. வேலை முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

மறுநாள் காலையில் கூண்டுக்குள் இன்னொரு அணில். அதற்கும் மறுநாள் இன்னொன்று. ஒரு ஜோடி இருக்கும் என்று நினைத்த பரணில் ஒரு பட்டாளமே இருக்கிறது என்று ஆதிமூலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. தகரமும் ஆணியும் தயாராக இருந்தன. ஆனால் உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறதோ தெரியாமல் எப்படி அடைப்பது? கடைசி அணில் வரை பிடித்துவிட்டுத்தான் ஆணியைத் தொடுவது என்று முடிவு செய்தார். தினமும் விடிந்ததும் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாநிலம் தாண்டினார். திரும்பி வரும் வழியில் மணவாளன் டீக்கடையில் கணக்குச் சொன்னார்.

"இன்னிக்கு எத்தினியாவது ஆதிமூலம்?"

"ஆறு. ஆறயும் நாடு கடத்திட்டன்."

"ஆறா? அது பரணா, இல்ல பஸ் ஸ்டாண்டா?" என்றார் மணவாளன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. ஆதிமூலம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாவது அணில் பிடிபட்ட அன்று தனக்கொடி கூண்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். "இந்தாய்யா, இது நேத்து பாத்த மூஞ்சி மாரியே கீது."

"அணிலுக்கு இன்னாடி மூஞ்சி? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான்."

தனக்கொடி எழுந்து போய்ப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தாள். சுவருக்கு அடித்து மிச்சமிருந்த ரோஸ் பெயிண்டில் பிரஷை முக்கி, கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் ஒரு தீற்றுத் தீற்றினாள். "இப்ப எத்துனு போ" என்றாள். அவர் போனார், விட்டார், வந்தார்.

மறுநாள் காலையில் கூண்டுக்குள் ரோஸ் வால் உட்கார்ந்து மல்லாட்டை தின்றுகொண்டிருந்தது.

தனக்கொடி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒன்பது அணிலும் ஒரே அணில். ஆதிமூலம் மதகைச் சுற்றி வீட்டுக்கு நடந்து வரும் நேரத்துக்குள், அது அக்கரைத் தென்னையிலிருந்து இக்கரை முருங்கைக்குத் தாவிப் பரணுக்கே வந்துவிட்டிருக்கிறது. ரேஷன் கார்டு வேறு, கரண்ட் பில் வேறு, லீவு வேறு என்பதெல்லாம் அதனிடம் யாரும் சொல்லவில்லை. ஆதிமூலத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காலண்டரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வளைகாப்புக்கு இன்னும் மூன்றே நாள்.

"ஒரே அணிலுதான்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? இன்னியோட முடிச்சிடறன்" என்றார். "இத்த வண்டில எத்துனு போயி ஊசுட்டேரி மரத்துல உட்டுட்டு வரன். அங்கேர்ந்து எப்பிடி வரும்? நீ அதுக்குள்ள பரண கூட்டி வை. வந்ததும் தகரம் அடிச்சிடலாம்."

போகிற வழியில்தானே வில்லியனூர், மகளைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று ஒரு தூக்குவாளி நிறைய அவித்த மல்லாட்டையும் எடுத்துக்கொண்டார். ரஞ்சனிக்கு அது உயிர். கூண்டின் மேல் துண்டைப் போட்டு மூடி மொபெட்டின் முன்னால் வைத்தார். முதலில் ஏரிக்குப் போவதாகத்தான் திட்டம். ஆனால் மல்லாட்டை சூடு ஆறிவிடுமே என்று வண்டியை மகள் வீட்டுப் பக்கம் திருப்பினார். பிற்பாடு அந்தச் சூட்டை நினைத்து அவர் பல தடவை சாமி கும்பிட்டிருக்கிறார்.

வாசலில் பாக்யலட்சுமி நின்றுகொண்டிருந்தார். "வாங்க அண்ணே. இன்னா, மருமவளுக்கு நாட்டுக்கோழியா?" என்று கேட்டுக்கொண்டே துண்டைத் தூக்கினார்.

உள்ளிருந்து ரோஸ் வால் வைத்த அணில் அவரை முறைத்தது. ஆதிமூலம் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்றும் அப்படியே போட்டார்.

"இந்தாய்யா! அத்த உட்டுட்டியா? உடாத! உடாதய்யா!" தனக்கொடியின் குரல் தெருவுக்கே கேட்டது. "பரண்ல மூணு குட்டி கீதுய்யா. பழைய தலவாணிய கிழிச்சு பஞ்சுக்குள்ள வெச்சிருக்குது. இன்னும் கண்ணு கூட தொறக்கல. கத்தினே கீது. அதுங்க அம்மாவத்தான் நீ எத்துனு போயிட்ட!"

 வயிற்றுப் பிள்ளைக்காரியை ஆதிமூலம் ஒன்பது தடவை நாடு கடத்தியிருக்கிறார். பத்தாவது தடவை, பெற்றவளைப் பிள்ளைகளிடமிருந்தே பிரித்துக் கொண்டுவந்துவிட்டார். அதுவும் சம்பந்தியம்மா காது கேட்க. பரணில் ஒரு அணில் இருந்ததற்கே மகளை அனுப்ப மாட்டேன் என்றவர். இப்போது நாலு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நின்னுனு இருக்கீங்களே, வண்டிய எடுங்க" என்றார் பாக்யலட்சுமி.

"சம்மந்தியம்மா?"

"பால் குடிக்கிற குட்டிங்கண்ணே! எத்தினி நேரம் தாங்கும்? எடுங்க. நானும் வரேன். நீங்க பாட்டுக்கு வழில எங்கியாவது உட்டுட்டு, அது போய்ச் சேந்துடும்னு சொல்லுவீங்க. உங்கள நம்ப முடியாது."

இதற்குள் ரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "யப்பா, சீக்கிரம் போப்பா" என்று அவளும் விரட்டினாள். தூக்குவாளியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

சம்பந்தியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவது பாக்யலட்சுமிக்கு வழக்கமில்லை. யாருக்குமே வழக்கமில்லை. ஆனாலும் அவர் ஒருபக்கமாக உட்கார்ந்து, கூண்டை மடியில் வைத்து, முந்தானையால் வெயில் படாமல் மூடிக்கொண்டார். வழியெல்லாம் ஒன்பது தடவை நாடு கடத்திய கதையைக் கேட்டுக்கொண்டே, "வேகத்தடை வருது, மெதுவா" என்றும், "ஏன் இப்பிடி உருட்றீங்க, வேகமாப் போங்க" என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மணவாளன் கடை முன்னால் வண்டி போனபோது பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மணவாளன் கையிலிருந்த டீ ஆற்றும் குவளை அப்படியே நின்றுவிட்டது. ஆதிமூலம் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

வீட்டில் தனக்கொடி ஏணிக்குக் கீழே காவல் நின்றாள். இருசப்பனின் பூனை எப்படியோ விஷயம் தெரிந்து வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அதை அவள் மூன்று தடவை துரத்தியிருந்தாள். ஆதிமூலம் கூண்டைப் பரணில் ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டு இறங்கினார். மூன்று பேரும் மேலே பார்த்தபடி கீழே நின்றார்கள். மேலே மெல்லிசாக, விடாமல், குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு சரசரப்பு கேட்டது. பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"குடிக்குதுங்க" என்று கிசுகிசுத்தாள் தனக்கொடி. அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

பாக்யலட்சுமி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல், ஏணியில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயது. ஆதிமூலம் ஏணியின் அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பரணுக்கு மேல் தலையை நீட்டி அவர் வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஆதிமூலம் முந்திக்கொண்டார்.

"சம்மந்தியம்மா, வேற எடத்துல ஒரு பானைய கட்டி அதுங்கள மாத்திடறன். நாளைக்கே தகரத்த அடிச்சு..."

"ஆணியத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றார் பாக்யலட்சுமி. "புள்ள பெத்தவ இருக்கிற வூட்ல ஆணி அடிப்பாங்களா யாராவது?"

ஆதிமூலம் விழித்தார். தான் காத்துவந்த சட்டம் இப்படி ஒரு பக்கத்திலிருந்து வந்து தன்னையே மடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அதுங்க பெருசாவ ஒரு மாசத்துக்கு மேல ஆவுமே. அப்ப பரணு இப்பிடியேதான கெடக்கும்? ரஞ்சனி..."

"வேட்டி இல்ல உங்க கிட்ட? எட்டு முழ வேட்டிய பரணுக்குக் கீழ விரிச்சு நாலு மூலைலயும் கயித்தால இழுத்துக் கட்டுங்க. கட்டறதுக்கு ஆணி வேணாம். வுழறது எல்லாம் அதுல வுழும். வாரத்துக்கு ஒரு வாட்டி அவுத்து ஒதறுங்க." பாக்யலட்சுமி நிமிர்ந்து தனக்கொடியைப் பார்த்தார். "ஒம்போது வாட்டி தொரத்தியும் திரும்பி இங்கதான் வந்து பெத்துருக்கா அவ. தாய் வூடுன்னு நெனச்சிட்டா, அவ்ளோதான். ஒரு அணிலயே தடுக்க முடியல. எம் மருமவள மட்டும் நான் எப்பிடிப் புடிச்சு வெக்கறது? வெள்ளிக்கிழம வெளக்கு வெக்கறதுக்குள்ள கூட்டினு வந்து சேந்துடுங்க."

தனக்கொடி சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காப்பி போடறேன்" என்று அடுப்படிக்கு ஓடினாள். போட்டுக்கொண்டு வந்த டம்ளரின் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. அதைப் பார்த்துப் பாக்யலட்சுமிதான் முதலில் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை வில்லியனூரில் வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையலும் கன்னம் நிறையச் சந்தனமுமாக ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். ஏழு வகைச் சாதத்தையும் முதல் நாளே வந்து கிண்டிய தனக்கொடி, ஒரு வாய் சாப்பிடவில்லை. பாக்யலட்சுமி அன்று மருமகளுக்குப் பலகாரமும் பாத்திரமும் கொஞ்சநஞ்சமாகக் கொடுத்தனுப்பவில்லை. ஒரு வேன் நிறையக் கொடுத்தனுப்பினார். மூன்று மணிக்கெல்லாம் வேன் பாகூரைத் தாண்டிவிட்டது. வாசலில் ஆலம் சுற்றி மகளை உள்ளே அழைத்தாள் தனக்கொடி. ரஞ்சனி பின்னறைக்குப் போய், மேலே வெள்ளை வேட்டி விரித்திருப்பதைப் பார்த்து, "இன்னாப்பா, பந்தலே போட்டுட்டியா?" என்று சிரித்துக்கொண்டே படுத்தாள். மேலே அணில் ஓடியது. வேட்டி லேசாக ஆடியது. இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவாளோ என்று ஆதிமூலம் கவலைப்பட்டு எட்டிப் பார்ப்பதற்குள் அவள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.

தனக்கொடி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மகளின் வீங்கிய பாதங்களை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"காலைலேர்ந்து பட்டினியா கீற. வந்து சாப்புடு" என்றார் ஆதிமூலம்.

"இருய்யா, அப்பறம் வரேன்." அவள் திரும்பவில்லை. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. "நான் பெத்தப்ப எனக்கு இப்பிடி ஒக்காரதுக்கு யாரும் இல்ல. இது எப்பிடி இருக்கும்னு இத்தினி வருசம் நெனச்சினே இருந்தேன். இப்பதான் பாத்துனு இருக்கேன்."

 ஆதிமூலம் அடுப்படிக்குப் போய், தேடித் தேடித் தட்டை எடுத்து, சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, அவள் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்தார். அவளுக்குக் கை ஒழியவில்லை என்பதால் அவரே பிசைந்து ஊட்டினார்.